எது அடிபடும்

அலெக்ஸ் போட்ட கணக்கு கரும்பலகையின் இடது பாதி முழுவதையும் அடைத்துக்கொண்டது. மேலே x²−9, கீழே x−3, தொகையிட வேண்டும். x−3-க்கு u என்று பெயர் வைத்து, விரித்து, வகுத்து, தொகையிட்டு, மறுபடி x-க்குத் திரும்புவதற்குள் வேர்த்துவிட்டது. விடையின் வாலில் ஒரு பதிமூன்றரை வேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அது மாறிலிக்குள் அடங்கிவிடும், தப்பில்லைதான். பிள்ளைகளுக்கு அதை விளங்கவைப்பதற்குள் நேரம் முடிந்தது.

விழுப்புரத்து டியூஷன் சென்டரில் இருந்தது ஒரே ஆசிரியர் வேலை. அதற்குத்தான் இந்த மாதிரி வகுப்பு. கிடைத்தால் திண்டிவனத்திலிருந்து தினமும் வந்து போகலாம். சென்னையில் விற்பனை வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவது வீட்டுக்கு வருகிறவனை, மகள் ‘மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அடுத்து, அதே வேலைக்கு வந்திருந்த கோலியனூர் ஜெசிந்தா. அவளுக்கும் அதே கணக்குதான்.

“மல்லாட்டைய தோலோடவா திம்பீங்க? உரிச்சி கடலைய மட்டுந்தான திம்பீங்க? மொதல்ல சுருக்கிடலாம். யாரு வர்றீங்க?”

பிராமி என்ற மாணவி வந்தாள். x²-ஐ x-ஆல் அடித்தாள், 9-ஐ 3-ஆல் அடித்தாள், கழித்தலுக்குக் கழித்தல் போயிற்று, x+3 என்று எழுதினாள். வகுப்பு கைதட்டியது. சென்டர் நடத்தும் விருத்தாசலமும் தலையாட்டினார். அலெக்ஸுக்குப் பகீரென்றது. விடை சரி, வழி மொத்தமும் தப்பு. ஜெசிந்தாவும் கைதட்டிவிட்டால் வேலை தனக்குத்தான் என்று ஓர் ஆசை எட்டிப்பார்த்ததை மறைப்பானேன்.

ஜெசிந்தா தப்பென்று சொல்லவில்லை. பக்கத்திலேயே அந்தக் கணக்கை இரண்டு கழித்தலையும் கூட்டலாக்கி எழுதினாள். அதையும் அதே மாதிரி அடிக்கச் சொன்னாள். மறுபடியும் x+3 வந்தது.

“இப்ப x-க்கு ஒண்ணு போட்டுப் பாரும்மா.”

மேலே பத்து, கீழே நான்கு, இரண்டரை. x+3-லோ நான்கு. பிராமி தான் அடித்த கோடுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“பெருக்கல்ல ஒட்டிக்கினு இருக்கறதத்தான் அடிக்கலாம். கூட்டல் கழித்தல்ல தனியா நின்னுக்கினு இருக்கறத தொடக்கூடாது.”

பிராமி பழைய கணக்குக்கே திரும்பி, x²−9-ஐ (x−3)(x+3) என்று உடைத்து, கீழிருந்ததை அடித்துத் தொகையிட்டாள். மூன்றே வரியில் விடை.

பள்ளியில் இப்படித் தப்பாக அடித்து, சாரிடம் அடி வாங்கிய நாளிலிருந்து அலெக்ஸ் u-வின் முதுகில் ஏறியே எல்லாக் கணக்கையும் கடந்து வந்திருந்தான். தனக்கு யாரும் ஒன்று போட்டுப் பார்க்கச் சொல்லவில்லையே என்று இருந்தது. என்ன மனுஷி இவள்!

“தம்பி, உங்களுக்கு வேற கணக்கு தரவா? இன்னொருக்கா பாக்கலாம்” என்றார் விருத்தாசலம்.

அலெக்ஸ் எழுந்தான். மகள் முகம் வந்து போனது.

“அவுங்களே இன்னொண்ணு போடட்டும் சார். போர்டுல எடம் பத்தாது.”

டஸ்டரை எடுத்துத் தன் பாதியை அழிக்கத் தொடங்கினான். அழுத்தி எழுதிய பதிமூன்றரை மட்டும் லேசில் போகவில்லை.