நீலப் பென்சிலும் மணியும்

மினசோட்டாவின் அந்தப் பெண்கள் கல்லூரியில் 1957 வரை ஒரு வழக்கம் இருந்தது. பிப்ரவரிப் பனியில் ஒவ்வொரு வருட வகுப்புக்கும் ஒரு சிரிப்பு நாடகப் போட்டி, எட்டே நிமிடம். டீன் மிஸ் தோர்சன் மடியில் கைமணி இருக்கும். நேரம் முடிந்தாலோ, அவருக்குப் பிடிக்காவிட்டாலோ அது அடிக்கும்; அடித்தால் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும், மீறினால் போட்டியிலிருந்தே வெளியே. ஜெயித்தால் ஒரு பித்தளைக் காப்பிக் கெண்டி.

நான்காம் வருடத்து டாக்னி மூன்று முறை தோற்றவள். இதுதான் கடைசி வாய்ப்பு. அந்தக் கெண்டியில் ஒரு வாய் காப்பியாவது குடிக்காமல் ஊர் போவதில்லை என்று அடம்பிடித்தாள். ஆனால் தணிக்கைக்காக ஒரு வாரம் முன்பே கொடுத்த நாடகப் பிரதி டீனின் நீலப் பென்சிலில் குளித்துத் திரும்பி வந்தது. பத்து மணிக்கு மேல் ஜன்னல் ஏறி விடுதிக்கு வரும் பெண்ணின் கதை. ஒரு வசனம்கூட மிச்சமில்லை! புதிதாய் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்பது விதி.

"போச்சுடி. பேசாம விலகிடலாம்" என்றாள் தோழி வெர்னா.

"பேசாமத்தான் நடிக்கப் போறோம். வார்த்தையத்தானே வெட்டினாங்க? வாய வெட்டலியே!"

"டீன் முறைச்சா நான் அங்கயே விழுந்துடுவேன்டி."

"விழு. அதையும் நாடகத்துல சேத்துக்கறேன்."

அன்று மேடையில் டாக்னி ஜன்னல் ஏறினாள். வாய் திறக்கும்போதெல்லாம், ஆளுயர நீல அட்டைப் பென்சிலோடு வந்த வெர்னா அவள் உதட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். டாக்னி கும்பிட்டாள், கோடு. தும்மினாள், அதற்கும் கோடு. கூடம் சிரித்துக் குலுங்கியது.

அப்போது மணி அடித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெர்னாவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. டாக்னி இறங்கவில்லை. மூன்று வருடம் இறங்கியது போதாதா? முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் தோர்சன் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது, தோளோடு மடியும், மடியோடு மணியும். யாருமே பார்த்திராத காட்சி.

"நிக்காதீங்க பொண்ணுங்களா," என்றார் டீன், கண்ணைத் துடைத்தபடி. "மணிய நான் அடிக்கல, சிரிச்சதுல அதுவா அடிச்சுடுச்சு. மிச்சத்தையும் நடிங்க. அந்தத் தும்மல இன்னொரு தடவை."

டாக்னி தும்மினாள். மறுநாள் காலை அந்தக் கெண்டியில் காப்பி கொதித்தது. முதல் கோப்பையை அவளே டீன் அறைக்குக் கொண்டுபோனாள்.