எந்தத் தொட்டி ஜாடை

குழாய்க்காரரின் அக்காவும் தையல்காரியின் அப்பாவும் முதல் மழை விழுந்ததும் முறத்தளவு நீர்வண்டுகளாகி, மழைக்காலம் முடியும்வரை மொட்டைமாடித் தொட்டிகளில் இருப்பார்கள். குழாய்க்காரரும் தையல்காரியும் புருஷன் பெண்டாட்டி என்பதால் இரண்டு தொட்டிகளும் ஒரே மாடிக்கு வந்து சேர்ந்தன. கல்யாணப் பேச்சிலேயே இரு வீட்டாரும் இதை ஒளிக்காமல், சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்கு ஓர் ஆள். அவர்களுக்கு மகள் பிறந்த பிறகு அக்கா அந்த வீட்டுக்கு அத்தையானாள், அப்பா தாத்தாவானார்.

வெளியாள் கண்ணுக்கு இரண்டும் கறுத்த வண்டுதான். வீட்டாருக்கு அப்படியில்லை. அத்தையைச் சுற்றிப் புடவைக் கரைபோல மஞ்சள் விளிம்பு ஓடும், மீசை நூல் மாதிரி இருக்கும், முதுகில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள். வரி குழாய்க்காரர் வீட்டுப் பெண்களுக்குத்தான். ஆண்களுக்கு முதுகு வழுவழுப்பு, முன்னங்காலில் ஒட்டிக்கொள்ளும் வட்டு. குழாய்க்காரரின் அப்பா ஒருமுறை தொட்டி மூடியில் ஒட்டிக்கொண்டு, மழை விட்டு மனிதரான பிறகும் கை விடாமல், மூடியோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். தாத்தாவுக்குக் கரை கிடையாது, ஒரே கறுப்பு. மீசை நுனி குண்டு. மார்பில் ஒரு முள். அத்தை பின்னங்கால் இரண்டையும் சேர்த்து உதைத்து அம்பாகப் போவாள், மூச்சு வாங்கப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வருவாள். தாத்தா சைக்கிள் மிதிப்பதுபோல மாற்றி மாற்றி உதைத்து, தலையை நீட்டி மூச்சு வாங்குவார். தாத்தாவுக்குப் பாசி போதும். அத்தைக்குக் கறி, அசைகிற எதுவும் அவளுக்குக் கறிதான். ஆகவே தொட்டிகளுக்கு மூடி, மூடிகளுக்குக் கல்.

பஸ் ஓட்டும் மகளுக்கு அந்த வருஷம் மழைக்கு முன்பே தோளெல்லாம் அரித்தது. அடுத்த ஆள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எந்தத் தொட்டி என்பதுதான் தெரியவில்லை. தொட்டி மாறிப்போனால் தாத்தா பேத்தியின் வாய்க்குள் போவார், இல்லையென்றால் பேத்தி அத்தையின் வாய்க்குள்.

"அவ எங்க ஜாடை. காலையில எழுந்திருக்கும்போது பாரு, பின்பக்கம்தான் முதல்ல எழுந்திருக்குது," என்றாள் அத்தை.

"உங்க வீட்ல எது முன்னாடி வந்திருக்கு, அண்ணி?" என்றாள் தையல்காரி. "எம்பொண்ணு கீரைன்னா உசுரை விடுவா. அவ எங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கா."

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றாள் மகள். "வண்டி திரும்பும்போது எந்தப் பக்கம்னு தெரிஞ்சிட்டுப் போகுது."

முதல் மழை அவள் வேலையில் இருக்கும்போது வந்தது. பஸ்ஸை நிறுத்தத்தில் ஒழுங்காக நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டுத்தான் வண்டானாள். கண்டக்டர் துண்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து, "லீவு சொல்லிடட்டுமாக்கா?" என்று தையல்காரியிடம் கேட்டுவிட்டுப் போனார். அவளை அண்டாத் தண்ணீரில் விட்டார்கள். மஞ்சள் கரை தெரிந்ததும் குழாய்க்காரர் விசிலடித்தார். மீசை நுனி குண்டாக இருந்ததும் தையல்காரி கைதட்டினாள். ஒரு மூச்சுக்குப் பின்புறம் வந்தது, மறு மூச்சுக்குத் தலை வந்தது. போகும்போது சேர்த்து உதைத்தாள், வரும்போது மாற்றி உதைத்தாள். இருவரும் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து கிறுகிறுத்துப்போன நேரத்தில் அவள் முதுகைத் திறந்து மாடிப்படி வழியே பறந்தாள். தன் பக்கம்தான் என்ற நம்பிக்கையில் தையல்காரி அப்பாவின் தொட்டியை ஏற்கெனவே திறந்துவைத்திருந்தாள். அதற்குள் பேத்தி பொத்தென்று விழுந்தாள்.

"ஐயோ, எங்கப்பா!" என்று தையல்காரி அலற, குழாய்க்காரர் தோள்வரை கையை விட்டார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். பேத்தி தாத்தாவின் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டே பாசி கடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா நகர்ந்து இடம் கொடுத்தார். பேத்திக்கு வயிறு அதோடு நிறையவில்லை. அடுத்த தொட்டிக்குப் பறந்து மூடியைப் பிறாண்டினாள். குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டார். அத்தை அவளைக் கரையிலிருந்து கரைவரை தடவிப்பார்த்துவிட்டு, கறித்துண்டில் பாதியை விட்டுக்கொடுத்தாள். அத்தை யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்து அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு தொட்டிகளையும் திறந்தே வைத்தால் அத்தை தாத்தாவைத் தேடி வருவாள். ஆகவே மறுநாள் குழாய்க்காரர் இரண்டையும் பழையபடி மூடிக் கல் வைத்துவிட்டு, நடுவில் ஒரு தடித்த குழாயை இணைத்தார். அதன் நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு அத்தை பக்கம் காலைச் சேர்த்து உதைத்தால்தான் நகர முடியும். தாத்தா பக்கம் மாற்றி மாற்றி உதைக்க வேண்டும். அத்தை வளைவுவரை வந்து திட்டிக்கொண்டே திரும்பினாள். தாத்தா முயன்று பார்க்கவேயில்லை.

இன்றும் மழைக்காலங்களில் அந்த மாடியில் குழாய் கடகடவென்று சத்தம் போடும். ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் சரிசெய்பவர் தன் வீட்டுக் குழாயைப் பார்க்கக் கூடாதா என்று கீழ்வீட்டுக்காரர் கேட்பார்.

"அடைப்பு இல்லீங்க," என்பார் குழாய்க்காரர். "பொண்ணு தாத்தா வீட்டுக்குப் போறா."