சொன்னதைச் சொன்னபடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவி வியெஸ்வாவா. கூட்டத்தில் தரும் கசகசா கேக் ரோலுக்காக வந்திருந்த அவள் கணவன் செசியெக். எல்லைக்கு அந்தப் பக்கம் மாமொனவோவிலிருந்து வந்த ரஷ்யன், கார் மெக்கானிக் ஆர்காதி. எண்பது வயது கெனோவேஃபா. மொழிபெயர்க்க இரெக். பின்வரிசையில் மேல்கோட்டுகளைக் கழற்றாமல், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற தோரணையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள். பாதிரியார் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

போலந்தின் எல்லையோர ஊரான ஓல்ஷின்காவில் கூட்டம் என்றால் தீயணைப்பு நிலையத்தின் பின்கூடம்தான். ரப்பர் குழாய் நாற்றம் எப்படிச் சுத்தம் செய்தாலும் போகாது. கல்யாணமும் அங்கேதான், துக்க விருந்தும் அங்கேதான்.

ரஷ்யன் வந்த காரணம் சின்னது. ஊரின் வடக்கு முனையில், செத்த ரஷ்யச் சிப்பாய்களுக்காக வைத்த, சிவப்பு நட்சத்திரம் உதிர்ந்த கான்கிரீட் கல் ஒன்று நிற்கிறது. அதில் பெயர் எதுவும் இல்லை. ஆர்காதியின் பெரியப்பா தீமோஃபெய் இரண்டாம் உலகப் போரில் இந்த ஊரில்தான் செத்தார் என்று ஆவணக் காப்பகத்திலிருந்து அவருக்குத் தெரியவந்திருந்தது. கல்லில் பதிக்க ஒரு பீங்கான் தட்டு செய்து கொண்டுவந்திருந்தார். அதில் காது புடைத்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் படம், கீழே பெயர். ஊர் சம்மதிக்க வேண்டும்.

அவரை அழைத்துவந்தது இரெக். வாரம் இரண்டு முறை காலி டேங்க்கோடு எல்லை தாண்டி, மலிவுப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு திரும்பி இங்கே விற்பது அவன் பிழைப்பு. போன குளிர்காலத்தில் மாமொனவோ சாலையில் அவன் கார் படுத்துவிட்டது. ஆர்காதி பனியில் மல்லாந்து படுத்துச் சரிசெய்தார். காசு நீட்டியபோது, "போடா, உன் பொண்டாட்டிக்கு ஏதாவது வாங்கிக் கொடு" என்றார். பொண்டாட்டி இல்லை என்று இரெக் சொல்ல, "அப்ப அந்தக் காச சேத்து வச்சு ஒருத்திய பிடி" என்று சிரித்தார். அப்போதிலிருந்து பழக்கம். கல்லூரியில் ரஷ்ய மொழி சேர்ந்து பாதியில் விட்டவன் இரெக். படிப்பு போனாலும் பேச்சு மிஞ்சியது.

அன்று காலை கெனோவேஃபாவைக் காரில் கூட்டிவரப் போனான். ஊரே அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். அவள் கதவு திறக்க நேரமாகும். இரண்டு பூட்டு, உள்ளே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. பட்டப்பகலிலும் அப்படித்தான். போர்வரை இந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது; அத்தை வீட்டில் ஓடிப்போன ஜெர்மன்காரன் விட்டுப்போன தங்கம் இருக்கிறது என்று ஊரில் கேலி உண்டு. ஜெர்மன் வீட்டை விட மனமில்லாமல்தான் போர் முடிந்தும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டாள் என்றும் சொல்வார்கள்.

காரில் ஏறியதும் சொன்னாள். "டேய் இரெக், அவன் பெரியப்பன் பேர் கல்லுல ஏறட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் அவன் காதுல விழணும். இத்தன வருஷத்துல ஒரு ரஷ்யன் காதுலகூட அது விழல."

"சரி அத்தை."

"சரின்னா போதாது. நான் சொன்னத சொன்னபடி சொல்லணும். அழகுபடுத்தாத."

"சத்தியமா சொல்றேன் அத்தை."

என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கூடத்தில் செசியெக் ஆரம்பித்துவிட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் கழட்டிருங்கப்பா, ருஸ்கி வர்றான்" என்றான். செம்படைக்காரர்கள் போகிற இடமெல்லாம் கடிகாரம் பறித்த கதை போலந்தில் குழந்தைக்கும் தெரியும். பின்வரிசை குலுங்கியது. வாசலில் நின்ற ஆர்காதிக்கும் புரிந்துவிட்டது. சட்டைக் கையை மேலே இழுத்துத் தன் மணிக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னங்கறாரு?" என்றான் செசியெக்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்காம். உன்னோடது நல்ல கம்பெனியா இருந்தா யோசிக்கிறாராம்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். கோட்டின் பொத்தானை ஓரிருவர் கழற்றினார்கள். வியெஸ்வாவா இரெக்கின் முழங்கையைப் பிடித்து, "நல்லாப் போகுது. இப்படியே கொண்டு போ. ஏடாகூடமா எதுவும் வந்துரக் கூடாது" என்றாள்.

ஆர்காதி பேசினார், இரெக் மொழிபெயர்த்தான். அப்பா சாகும்வரை அண்ணனைத் தேடினார். கிடைத்ததும் தட்டு செய்தேன். அனுமதித்தால் நன்றி. அவ்வளவுதான். பேச்சு நீளமில்லை, அழுகையும் இல்லை. யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

கெனோவேஃபா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு பன்னெண்டு வயசு. நானும் எங்க அக்கா ஸ்தெஃபாவும். ஜெர்மன்காரன் பிடிச்சிட்டு வந்து பண்ணையில அடிமை வேலைக்கு விட்டான். ரஷ்யன் வருவான், நாம வீட்டுக்குப் போயிரலாம்னு அக்கா தெனமும் சொல்லுவா. பிப்ரவரியில வந்தாங்க. அக்கா என்னைய சமையக்கட்டுக்குக் கீழ உருளைக்கிழங்குக் குழியில இறக்கிட்டு பலகைய மூடினா. அவ பயந்து மூடல. சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு. அப்புறம் வாசலுக்கு ஓடினா, வாங்க வாங்கன்னு கூப்பிட. அஞ்சாறு பேர். தான் போலந்துக்காரின்னு அவ கத்திக்கிட்டே இருந்தா. நான் கீழ கேட்டுக்கிட்டே இருந்தேன். ராத்திரி முழுக்க. ஒரு வாரம்கூட அவ தாங்கல. இதுதான். பேர் பதிக்கட்டும். ஆனா என்ன நடந்த ஊர்ல பதிக்கிறோம்னு அவனுக்குத் தெரியணும்."

உட்கார்ந்தாள். கூடத்தில் யாருக்கும் இது தெரியாது. ஆர்காதி இரெக்கைப் பார்த்தார். நல்ல செய்திக்குக் காத்திருக்கிற முகம். பனியில் மல்லாந்து படுத்து எஞ்சினுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த அதே முகம்.

இரெக் ரஷ்ய மொழியில் சொன்னான். "போர்ல எல்லாரும் கஷ்டப்பட்டோம்ங்கறாங்க. உங்க ஆளுங்க வந்துதான் அடிமை வேலையிலேருந்து விடுதலை கிடைச்சுதாம். அந்தப் பசங்கள்ல நிறைய பேர் இங்கயே செத்தாங்க, பாவம். உங்க பெரியப்பா பேர் கல்லுல இருக்கட்டும்ங்கறாங்க."

எப்படி அது வாயில் வந்தது என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தான். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. பாதியில் விட்ட படிப்பில் அவன் பேசிய ரஷ்ய மொழி ஒருநாளும் அவ்வளவு இலக்கண சுத்தமாக இருந்ததில்லை.

இன்னொன்று. அந்தக் கூடத்தில் நாற்பது தாண்டிய அத்தனை பேரும் பள்ளியில் கட்டாயமாக ரஷ்ய மொழி படித்தவர்கள். ஒன்றும் நினைவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், ஆனால் எல்லாம் நினைவிருக்கும். இரெக் சொன்னது அவர்களுக்குப் புரிந்தது. வியெஸ்வாவா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். பின்வரிசையில் ஒருவர் தொப்பியின் உள்பக்கத்தை ஆராய்ந்தார். செசியெக் இன்னொரு துண்டு ரோல் எடுத்தான். கெனோவேஃபா பள்ளிக்கே போகாதவள். அவளுக்கு மட்டும்தான் புரியவில்லை.

ஆர்காதி எழுந்து அவளிடம் போனார். குனிந்து, அவள் கையைத் தன் இரு கைகளிலும் எடுத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதுபோல் அவளையே பார்த்து, நிதானமாக ஒரு சொல் சொன்னார்.

"ஸபோம்னிம்."

ரஷ்ய மொழியில் அதற்கு 'நினைவில் வைத்திருப்போம்' என்று பொருள். போலிஷ் காதுக்கு அது 'மறந்துவிடுவோம்'. ஒரே வேர், ஏறக்குறைய ஒரே ஓசை, நேர் எதிர்ப் பொருள். கல்லூரியில் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித் தருவது இதைத்தான். எல்லோரும் சிரிப்பார்கள். இரெக்கும் சிரித்திருக்கிறான்.

கெனோவேஃபா கையை உருவிக்கொண்டாள். "மறந்துருவோமா?" என்றாள் மெல்ல. "எல்லாத்தையும் கேட்டுட்டு, கையப் பிடிச்சுக்கிட்டு, மறந்துருவோம்ங்கறான்." கைப்பையை எடுத்தாள்.

"அத்தை, அத்தை, இல்ல!" இரெக் பாய்ந்து வந்தான். "அவங்க பாஷையில அது வேற. நினைவு வச்சுக்குவோம்னு சொன்னாரு. நிஜமா. கேட்டுப் பாருங்க, இவங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் கூடத்தைப் பார்த்தாள். வியெஸ்வாவா தலையாட்டினாள். "ஆமா அத்தை, அப்படித்தான்."

கெனோவேஃபா நின்றாள். முகத்தில் ஏதோ தளர்ந்தது. அதைப் பார்க்க இரெக்கால் முடியவில்லை, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நினைவு வச்சுக்குவானா? அப்ப அவ பேரச் சொல்லச் சொல்லு. ஸ்தெஃபா. ஒரு தடவ அவன் வாயால சொல்லட்டும். ஸ்தெஃபான்னு."

ஆர்காதி அவளையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"க்தோ ஸ்தெஃபா?"

'யார் ஸ்தெஃபா?' யார் என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ளப் பள்ளி வேண்டியதில்லை.

கெனோவேஃபா திரும்பினாள். திட்டவில்லை. "ஏண்டா," என்றாள், "என் வாயில நீ எத வச்ச?"

"அத்தை, நான்... எல்லாரும் நல்லா பேசிக்கிட்டு இருந்தப்ப..."

"அக்கா இவன் ஆளுங்ககிட்ட சொல்லிப் பாத்தா, கேக்கல. நான் உன்கிட்ட சொன்னேன், நீயும் கேக்கல."

சகோதரி என்ற சொல்லும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்காதி ரஷ்ய மொழியில் தணிந்த குரலில் கேட்டார். "தம்பி, அவங்க 'அக்கா'ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீ அக்கான்னே சொல்லலயே. அவங்க என்ன சொன்னாங்க?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கெனோவேஃபா காத்திருக்கவில்லை. ஆர்காதியின் முன் போய் நின்றாள். தரையைக் காட்டினாள், அங்கே ஒரு பலகை இருப்பதுபோல் கையால் மூடினாள். "யா," நான் என்று தன் மார்பைத் தொட்டாள். பிறகு கையை மேலே காட்டினாள். "ஸ்தெஃபா." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தன் குரலே இல்லாத ஒரு இளம்பெண்ணின் குரலில் சொன்னாள்.

"யா போல்கா! யா போல்கா! யா போல்கா!"

நான் போலந்துக்காரி. அதுவும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

ஆர்காதி பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு இரெக்கின் பக்கம் திரும்பாமலே, "எந்த மாசம்?" என்றார்.

"பிப்ரவரி," என்றான் இரெக். அந்தக் கிழவியின் பேச்சில் அவன் ஒழுங்காக மொழிபெயர்த்த ஒரே சொல் அது.

ஆர்காதி மேசையிலிருந்த பீங்கான் தட்டைப் பார்த்தார். அதிலும் பிப்ரவரிதான் இருந்தது. காது புடைத்த பையன் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அஞ்சாறு பேரில் அவன் இருந்தானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆர்காதி தட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியெஸ்வாவாதான் கேட்டாள். "எங்க புதைச்சீங்க அத்தை? நம்ம கல்லறைத் தோட்டத்துல அப்படி ஒரு பேரே இல்லையே."

"நிலம் கல்லா உறைஞ்சு கிடந்துச்சு. நான் சின்னப் புள்ள, மண்வெட்டி உள்ள எறங்கல. எருக்குவியலுக்கு அடியில மட்டும்தான் மண் இளகி இருந்துச்சு. அங்கதான் புதைச்சேன். எங்க அக்காவ சாணிக்குள்ள வச்சேன்னு நான் யார்கிட்டடி சொல்லுவேன்? அவள அங்க விட்டுட்டு எந்த ஊருக்குத் திரும்பிப் போவேன்?"

தங்கம் என்று கேலி பேசிய வாய்கள் எல்லாம் அந்தக் கூடத்தில்தான் இருந்தன. செசியெக் கையிலிருந்த ரோலை மேசையில் திரும்ப வைத்தான்.

ஆர்காதி எழுந்தார். "க்தே?" என்றார். எங்கே?

அவள் தெருவைக் காட்டினாள். பிறகு நடந்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். வேறு யாரும் எழவில்லை. இரெக் மட்டும் கொஞ்சம் தள்ளித் தொடர்ந்து போனான். காரை எடுக்கவில்லை.

அவள் குடியிருந்தது அதே பண்ணை வீட்டில்தான்; மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு முற்றம். அங்கே குவியல் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. காட்டுச்செடி மண்டாமல் ஓரிடம் மட்டும் செதுக்கி வைத்திருந்தாள். சுற்றிலும் உருண்டைக் கற்கள். பெயர் கிடையாது. ஆர்காதி அதன் முன்னால் நின்றார். சிலுவை போட்டுக்கொள்ளக் கை எழுந்தது. பாதியில் கீழே இறங்கியது. பிறகு ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். ஒன்றிரண்டு வாக்கியம்தான். இரெக் வேலிக்கு வெளியே நின்றிருந்தான், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

கெனோவேஃபாவுக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டு வாசலுக்குப் போய், இரண்டு பூட்டையும் திறந்து, கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆர்காதி தயங்கினார். அவள் தலையால் உள்ளே காட்டினாள். அவர் காலணி மண்ணைப் படியில் தேய்த்துத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து உள்ளே போனார்.

இரெக் வேலியைத் தாண்டி ஓடிவந்தான். "அத்தை, நான் வரேன். அவருக்குப் போலிஷ் வராது. இந்தத் தடவ சரியா சொல்றேன். ஒரு சொல்லும் விடாம சொல்றேன்."

"வேணாம்."

"எப்படிப் பேசிக்குவீங்க?"

"பேச மாட்டோம். அவன் சமையக்கட்டப் பாக்கட்டும். பலகை அப்படியேதான் இருக்கு."

அவன் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். அவள் அந்தக் காலையே பார்த்தாள், அவன் எடுக்கும்வரை. பிறகு கதவைச் சாத்தினாள். முதல் பூட்டு திரும்பியது, இரண்டாவதும் திரும்பியது. கடைசியாக ரஷ்யனுக்குப் பின்னால் இரும்புக் கம்பி அதன் இடத்தில் விழுகிற சத்தம் கேட்டது.