ஊதி தொட்டவை

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு, பூட்டுக்கடைக்காரியின் வீட்டு மேசையிலிருந்து ஒரு ஸ்பூன் கிளம்பிப் போனது. அதே நேரத்தில் கடல் கடந்த ஒரு நகரத்தில், ஒரு பல் மருத்துவரின் சூப்புக் கிண்ணத்தில் வந்து விழுந்தது. கழுத்து வளைந்த ஸ்பூன். மருத்துவர் நல்ல மனிதர். பாட்டுக்கு நன்றி, ஸ்பூனுக்கும் நன்றி, ஆனால் ஸ்பூன் எதற்கு என்று உடனே எழுதிக் கேட்டிருந்தார். பூட்டுக்கடைக்காரியின் கணவன் கிளாரினெட் வாசிப்பவன். ஊரில் அவனுக்கு ஊதி என்று பெயர். விருந்து மண்டபங்களில், சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்து வாசித்தே நரை கண்டவன். யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று, அன்றுதான் முதல்முறையாகத் தன் பாட்டு ஒன்றை இணையத்தில் ஏற்றி, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான்.

அடுத்த பாட்டுக்கு ஒரு செருப்பு போனது. அவன் ஜோடியில் வலது கால் மட்டும். அதற்கடுத்து சோப்புப் பெட்டி, பிறகு தலையணை. பாட்டுக்கு ஒரு பொருள், அதுவும் முதலில் எடுத்தவர் வீட்டுக்கு. பெரும்பாலும் பல் மருத்துவர்தான் முந்திக்கொண்டார். பூட்டுக்கடைக்காரி அலமாரிக்கு ஏழு லீவர் பூட்டுப் போட்டாள். பூட்டு அசையாமல் இருக்க, உள்ளே இருந்த சட்டை போய்விட்டது. சட்டை போனதைவிடப் பூட்டு அசையாமல் இருந்ததுதான் அவளுக்கு அவமானம். ஊதியின் கை பட்டவை மட்டுமே போகின்றன என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். துடைப்பமும் இஸ்திரிப் பெட்டியும் வைத்த இடத்திலேயே இருந்தன; அதற்கு என்ன அர்த்தம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். தொட்டால் விரல் போய்விடும் என்று அவனை அண்ட விடாத அவளுடைய சாவி அறுக்கும் இயந்திரமும் போகவில்லை. கணினி அவள் தம்பியிடம் இரவல் வாங்கியது. அடுத்தவன் பொருளைத் தானம் கொடுக்க முடியாது என்பதால் அதுவும் தங்கியது. கிளாரினெட் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, வண்டி தன்னையே ஏற்றிக்கொண்டு போகுமா என்று ஊரே பதில் சொன்னது.

“இவரு ஊதி இல்லடா, ஊதாரி” என்றாள் தம்பியிடம்.

தம்பி கடை கடையாகச் சரக்குப் போடுகிறவன். எதற்கும் ஒரு விலை வேண்டும் என்பது அவன் கட்சி. “சும்மா குடுத்தா சும்மாதான் நினைப்பாங்க மாமா” என்று சொல்லி, எல்லாப் பாட்டுக்கும் அவனே விலை போட்டான்.

அன்றிலிருந்து வீட்டைவிட்டு எதுவும் போகவில்லை. பாட்டும் போகவில்லை. ஊதி வாசித்தால் ஓசை ஜன்னலைத் தாண்டாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோமே என்று பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தாள். விற்காத பாட்டுகள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன, குடத்தில் சேர்ந்தன. துவைத்த துணியைப் பிழிந்தால் முந்தின நாள் மெட்டு சொட்டியது. குளிக்கப் போகிறவர்கள் நடையில் நின்ற ஒரு நீண்ட சோகப் பாட்டைத் தோளால் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. விற்றது ஒன்றே ஒன்று. வாங்கியவன் தம்பி, அவனும் பாதிதான் கேட்டான். மழைக்காலம் முடிவதற்குள் ஊதி வாசிப்பதை நிறுத்திவிட்டான். “வாசிச்சு எங்க வைக்கிறது? இடமில்லையே” என்றான். கிளாரினெட்டைத் துடைப்பான், கட்டைகளைத் திருகிப் பூட்டுவான், மறுபடி கழற்றித் துடைப்பான்.

அவன் வாசிப்பதை அவள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. ஆனால் சாவி அறுக்கும்போது அவள் கை அந்த வாசிப்பின் வேகத்துக்குத்தான் பழகியிருந்தது. இப்போது அறுத்த சாவிகள் பூட்டுக்குள் நுழைந்தன, ஆனால் திறக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து, கணினி முன் உட்கார்ந்து, எல்லா விலையையும் எடுத்துவிட்டாள். ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொண்டன. பாட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியேறின. கூடவே கட்டில், மேசை, நாற்காலிகள், குடம், சுவரில் ஊதி அடித்த ஆணி. ஓடி வந்த தம்பி வெறும் வீட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அக்கா, நீயுமா?”

“பூட்டைத் தொறக்கிறதும் என் தொழில்தான்டா.”

ஊதி அன்று சாயங்காலமே வாசித்தான். தெருவில் கேட்டது. ஆனால் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தவன், அந்த ஒற்றைச் செருப்பைத் தவிரத் தன் கை பட்டதில் மிச்சம் இருப்பது யார் என்று புரிந்துகொண்டான். அதன் பிறகு அவன் எதையும் ஏற்றவில்லை. அவளையும் தொடவில்லை. தண்ணீர்க் குவளையை அவள் தரையில் வைத்த பிறகுதான் எடுத்தான். நடையில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்றான். பாயின் அந்த ஓரத்தில், சுவரைப் பார்த்துப் படுத்தான். இதற்கிடையில் புதுப்பாட்டு ஒன்று முடிந்திருந்தது. அவன் வாசித்ததிலேயே அதுதான் நல்லது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும். ஒரு வருஷம் பார்த்தாள். சட்டை போன வீட்டில் இருந்துவிடலாம், இப்படி விலகி விலகிப் போகிறவனோடு இருக்க முடியாது என்று தோன்றியது. பல் மருத்துவர் வேறு எழுதியிருந்தார்: வந்து சேர்ந்தவற்றை மாடியில் ஓர் அறையில் போட்டு வைத்திருக்கிறேன், கட்டிலுக்கு மேல் ஜன்னல் உண்டு, வெயில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவள் கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். மூலையில் கிடந்த இடது கால் செருப்பைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். கணினியைத் திறந்து, பாட்டை ஏற்றும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள். ஊதி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

“கல்யாணத்தன்னிக்கே தொட்டாச்சு, இப்ப ஒதுங்கி என்ன பண்றது? கிளாரினெட்ட எடுத்துட்டு வாங்க, கையப் புடிங்க. போனா ரெண்டு பேருமா போவோம், கட்டில் அங்கதான் இருக்கு. அமுக்கட்டுமா?”