ஒன்பது நாள் சூடு

படிவம் முழுக்க நிரப்பியே வந்திருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும்தான் காலி. அதற்கு நேரே பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி வேறு. எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூடத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"காரணம்" என்ற கட்டத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள்: "மேற்கண்ட ஒன்பது நாட்களிலும் வெப்ப சென்சார் சரிவரப் பராமரிக்கப்படாததால் அளவுகள் பிழையானவை."

மீட்டர் அக்கா அதை ஒரு தடவை படித்தாள். நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிப்பதற்குள் காது மடல் சூடாகிவிட்டது.

பல்கலைக்கழகத்தின் சூரிய மின்சார ஆய்வுக்கூடத்தில் இருபத்தோரு வருஷமாக அவள்தான் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறாள். மொட்டைமாடியில் எந்த ஆராய்ச்சி நடந்தாலும், வெயில் எவ்வளவு, சூடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று சொல்கிற மீட்டர்கள் அத்தனையும் அவள் கையால் சரிபார்த்தவை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. துணைவேந்தர் முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்காதான்.

அந்த மொட்டைமாடியிலிருந்து இதுவரை பத்தொன்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சாகியிருக்கின்றன. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் சூரியப் பலகை கொடுத்த கம்பெனிக்கு நன்றி, பணம் கொடுத்த அமைப்புக்கு நன்றி, ஒரு கட்டுரையில் இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்த பட்டறைக்குக்கூட நன்றி. இவளுக்கு இல்லை. போகட்டும், பெயருக்கா வேலை செய்கிறோம் என்று இருந்தவள்தான். இப்போது முதல் தடவையாக அவள் பெயர் அச்சில் ஏறப்போகிறது, கருவியைக் கெடுத்தவள் என்று.

விஷயம் இதுதான். சூரியப் பலகை சூடேறினால் மின்சாரம் குறையும். ஒரு கம்பெனி, பலகைமேல் பூசுகிற பூச்சு ஒன்றைச் செய்திருந்தது. இதைப் பூசினால் பலகை ஐந்து டிகிரி குளிர்ந்திருக்கும் என்பது கம்பெனியின் பேச்சு. பல்கலைக்கழகமும் கம்பெனியும் கூட்டாக ஒப்பந்தம் போட்டு, மாடியில் பூசிய பலகைகள் ஒரு வரிசை, பூசாத பலகைகள் ஒரு வரிசை என்று நிறுத்தினார்கள். பத்து மாதம் பூச்சு சொன்ன பேச்சைக் கேட்டது. பதினோராவது மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த ஒன்பது நாளும் பூசிய பலகைகள் பூசாததைவிட ஏழு டிகிரி கூடுதலாகக் கொதித்தன, மின்சாரம் சரிந்தது. வெயில் தணிந்ததும் பூச்சு மறுபடி நல்ல பிள்ளையாகிவிட்டது. சூரியப் பலகையை யாராவது மழைக்காலத்துக்கென்று வாங்குவார்களா?

பிடிக்காத எண்களை அப்படியே தூக்கிப் போட முடியாது. கருவி கெட்டிருந்தது என்று கருவிக்குப் பொறுப்பானவர் எழுதிக் கொடுத்தால்தான் முடியும். அந்த ஒன்பது நாளை ஒழிக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி மீட்டர் அக்காவின் தலை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். இந்த ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். வயதில் இவளைவிட நாலைந்து வருஷம் சின்னவர், நல்ல மனுஷர். அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

"வாங்க அக்கா, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும் சார். என் சென்சார் எப்ப கெட்டுச்சு?"

பேராசிரியர் மேஜையில் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "கெட்டுச்சுன்னு நானா சொல்றேன்? கம்பெனியில கேக்கறாங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"என் தலையில கட்டறதுக்குப் பேரு ஃபார்மாலிட்டியா?"

"சென்சாரை ஒட்டின பசை வெயில்ல விட்டுப் போயிருக்கலாம்னு அவங்க நினைக்கறாங்க."

"பசை விட்டா சூடு குறைச்சலாத்தான் சார் காட்டும். பலகையை விட்டுட்டுக் காத்தைத்தானே அளக்கும்? கூட எப்படிக் காட்டும்? இது முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நம்பரை முதல்ல நானே நம்பலை" என்றாள் அவள். "திங்கக்கிழமை திங்கக்கிழமைதான் சென்சாரை எடுத்து ஐஸ் தண்ணியில விட்டுப் பார்ப்பேன். அந்த வாரம் சந்தேகப்பட்டு வியாழக்கிழமையும் பார்த்தேன். பூஜ்யத்துல அப்படியே நின்னுச்சு. நோட்டுல எழுதியிருக்கேன். மின்சாரத்தை அளக்கற மீட்டர் வேற, அதுவும் குறைஞ்சுதான் காட்டுது. ரெண்டு கருவியும் பேசி வெச்சுக்கிட்டா பொய் சொல்லும்?"

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அந்தப் பொண்ணோட உதவித்தொகை கம்பெனி கொடுக்கறது. அறிக்கை போகலைன்னா அவ படிப்பு பாதியில நிக்கும். கொஞ்சம் விட்டுக்கொடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்."

அந்தப் பொண்ணு என்றால் கண்ணாடிப் பொண்ணு. பெரிய வட்டக் கண்ணாடி போட்ட ஆராய்ச்சி மாணவி, பதினொரு மாதமாக மாடியே கதி என்று கிடப்பவள். படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் ஓடியவளும் அவள்தான். மீட்டர் அக்கா அவளை மாடிப்படியில் மடக்கினாள்.

"உன் படிப்பை வெச்சு என்னை மிரட்டறாங்க. நீ என்ன சொல்றே?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா, அந்த ஒன்பது நாளும் நான் மேலதான் நின்னேன். பூசின பலகையைத் தொட்டுப் பார்த்தேன், விரல் நுனி கொப்புளிச்சுப் போச்சு." பிறகு அழுதாள். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலக்கா."

பாவம், அவளைக் கோபித்து என்ன செய்ய? சின்னப் பெண்ணை நடுவில் நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். மீட்டர் அக்காவின் கோபம் இரண்டு மடங்கானது.

சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரம் கழுவிய சத்தத்திலேயே கணவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"அந்தத் தட்டு என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார்.

அவள் கொட்டித் தீர்த்தாள். அவர் சீருடைச் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். "போன வருஷம் பிரேக் சரியில்லைன்னு நான் எழுதிக் கொடுத்தப்ப, டிரைவருக்கு மிதிக்கத் தெரியலைன்னு எழுதினாங்களே, அன்னிக்கு நீ என்ன சொன்னே?"

"சாவியை அவங்க மேஜையில வீசிட்டு வாங்கன்னு சொன்னேன்."

"சொன்னியா? கத்தினே. எதிர்வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க."

"எனக்கு வயிறு எரியுது, உங்களுக்குக் கிண்டலா இருக்கா?"

"கிண்டல் இல்லைம்மா. கையெழுத்துப் போட்டா நீ தூங்க மாட்டே. நீ தூங்கலைன்னா என்னையும் தூங்க விட மாட்டே. காலையில முதல் வண்டி எனக்கு. அதனால போடாதே" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கோபம் போகவில்லை.

மறுநாள் கூட்டம். கம்பெனி மேலாளர் பளபளக்கிற ஷூவோடு வந்து உட்கார்ந்திருந்தார். பதினொரு மாதத்தில் மாடிக்கு ஒரே ஒரு தடவை ஏறியவர், அதுவும் படம் எடுத்துக்கொள்ள. பக்கத்தில் பேராசிரியர், மூலையில் கண்ணாடிப் பொண்ணு.

"மேடம், சின்ன விஷயம். மனுஷங்கன்னா தப்பு நடக்கும், நாங்க பெரிசு பண்ண மாட்டோம்" என்றார் மேலாளர், ஏதோ இவளை மன்னித்து விடுகிறவர்போல.

மன்னிப்பாம்! செய்யாத தப்புக்கு மன்னிப்பு! பேசினால் வாய்க்கு வந்தது வந்துவிடும் என்று மீட்டர் அக்காவுக்கே பயம். பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, அடித்தது என்ன என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். "காரணம்" கட்டத்தில் இருந்த வாக்கியத்தின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். அதன் கீழே நிதானமாக எழுதினாள்:

"கருவியில் கோளாறு இல்லை. பதினொரு மாதமும் இதே சென்சார்தான், இதே மீட்டர்தான். இந்த ஒன்பது நாள் பிழை என்றால் மற்ற நாட்களும் பிழை. மற்ற நாட்கள் சரி என்றால் இந்த ஒன்பது நாளும் சரி."

பென்சில் குறி போட்ட இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது. "இதை எப்படி நாங்க அனுப்பறது?"

"நல்ல நம்பரையும் கெட்ட நம்பரையும் சொன்னது ஒரே வாய்தான் சார். பாதி வாயை மட்டும் நம்பறேன்னா எப்படி?"

கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? அவர் யோசித்து முடிக்கவே இல்லை. படிவம் மீட்டர் அக்காவின் கோப்புக்கே திரும்பி வந்தது.

அடுத்த வாரம் கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. ஆட்கள் வந்து பூசிய பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். கண்ணாடிப் பொண்ணின் உதவித்தொகை நின்றது. செலவுக்காக அவள் காலையில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, மத்தியானம் தன் ஆராய்ச்சியைப் பார்த்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மீட்டர் அக்காவுக்கு நெஞ்சு உறுத்தியது. துறையில் சிலர் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு ஆள், "அக்காவோட ரோஷத்துக்கு எவ்வளவு பெரிய புராஜெக்ட் போச்சு" என்று அவள் காதுபடவே சொன்னான். பேராசிரியர் வணக்கம் சொல்வதோடு சரி.

நாலு மாதம் கழித்து ஒரு முற்பகலில் பேராசிரியரே அவள் அறைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். நின்றுகொண்டே இருந்தார்.

"கம்பெனியிலிருந்து வந்திருக்கு. வேற ஒரு பல்கலைக்கழகத்தோட சேர்ந்து பூச்சை மறுபடி சோதிக்கறாங்களாம்."

"சோதிக்கட்டும். எனக்கென்ன?"

அவர் தயங்கித் தயங்கிப் படித்தார். "புதிய இடத்தில் நம்பகமான கருவி இல்லை. ஆகவே தங்களிடம் உள்ள அதே சென்சாரையும் மீட்டரையும் இரவலாகத் தந்து உதவ வேண்டுகிறோம். அவற்றின் துல்லியத்தில் எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு. தங்கள் கருவிப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றிதழையும் உடன் அனுப்பவும்."

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

"அக்கா..."

"படிங்க சார். முழு நம்பிக்கைங்கற இடத்துலயிருந்து."

அவர் படித்தார். மீட்டர் அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். பராமரிக்கத் தெரியாதவள் என்று எழுதிய அதே கைதானே இதையும் எழுதியிருக்கிறது! வெட்கம் என்று ஒன்று இருந்தால் இந்தத் தாளே எரிந்துபோயிருக்கும்.

"கொடுக்க வேண்டாம்னா நான் முடியாதுன்னு எழுதிடறேன்" என்றார் அவர்.

"ஏன் முடியாது? தாராளமா கொடுக்கலாம். கருவி நல்ல கருவி."

அலமாரியைத் திறந்தாள். சென்சாரைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் வைத்தாள், மீட்டரை வைத்தாள். சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை உருவி, சான்றிதழோடு சேர்த்து இரண்டு இடத்தில் பின் அடித்தாள்.

"இதுவும் கூடவே போகும். இந்தக் கருவி என்னென்ன சொல்லியிருக்குன்னு அங்க இருக்கறவங்களும் தெரிஞ்சுக்கணும்ல?"

பேராசிரியர் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேற்பார்வையாளர் கோடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாள்.

வெளியே வராந்தாவில் மாணவர்கள் வகுப்பு மாறிப் போகும் சத்தம் கேட்டு அடங்கியது. அவர் பேனாவை வாங்கினார். குனிந்து கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடுங்க" என்றாள் அவள். "இன்னிக்குத் தேதியைப் போடுங்க சார், அன்னிக்குத் தேதியைப் போட்டுடாதீங்க."