பிரினாவின் கடைசிப் பதினொரு விமானங்கள்

ஐந்தரைக்கு எழுகிறேன். தண்ணீர் வரும் நாளாக இருந்தால் நாலு குடம் பிடிக்கிறேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போடுகிறேன். மேசையில் நோட்டை விரித்து ஒரு விமானத்தை வீழ்த்துகிறேன். வால் எண், தேதி, காரணம். சிவப்பு மையில் ஒரு கோடு. ஏழு மணிக்குக் குளியல். எட்டரைக்கு டவுன் பஸ்.

விமானங்கள் பிரினா நாட்டுடையவை. அப்படி ஒரு நாடு கிடையாது. என் மனைவி ரீனா ஆறாம் வகுப்பும் அவள் அண்ணன் பிரிட்டோ ஒன்பதாம் வகுப்பும் படித்தபோது, குஜிலியம்பாறை வீட்டில், இருவர் பெயரையும் ஒட்டி உண்டாக்கியது. அந்த நாட்டுக்கு ராஜா இல்லை, கொடி இல்லை. விமானப்படை மட்டும் இருந்தது.

1952இல் வெள்ளைக்காரன் விட்டுப்போன நான்கு சரக்கு விமானங்கள். பெயர் கொக்கு. இரண்டுதான் பறக்கும். அறுபதுகளில் சில்வண்டு என்ற சின்ன ஜெட். எழுபத்தொன்றில் வடகரை நாட்டோடு பதினொரு நாள் சண்டை. பத்தொன்பது சில்வண்டுகள் போயின. எண்பதுகளில் வல்லூறு வந்தது. தொண்ணூறுகளில் உதிரி பாகம் கிடைக்காமல் பாதி வல்லூறுகள் கொட்டகையில் நின்றன. அப்புறம் தட்டான், அது ஹெலிகாப்டர். விதி இரண்டு: விழுந்த விமானம் திரும்பி வராது. விழுந்தால் காரணம் எழுத வேண்டும். இரண்டும் பிரிட்டோ போட்டவை.

நோட்டில் பிரினாவின் 1978 வரைக்குமான கதை அவர் கையெழுத்து. கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டார். மிச்சத்தை ரீனா எழுதினாள். நான் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிறவன். கல்யாணத்துக்குப் பின் ஒவ்வொரு விமானத்தையும் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று அளவு போட்டு வரைந்து கொடுத்தேன். போன கிறிஸ்துமஸில் பிரிட்டோ அதைப் பார்த்தார். "யாரைக் கேட்டு வரஞ்சீங்க? வல்லூறு வாலு இப்பிடியா இருக்கும்?" என்றார். "விட்டுட்டுப் போனவருக்கு வாலு எப்பிடி இருந்தா என்ன?" என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஜூலையில் ரீனா இறந்தாள். டெங்கு. நாலு நாள். அன்றைக்குப் பிரினாவிடம் தொண்ணூற்றாறு விமானங்கள் இருந்தன. ஒரு மாதம் கழித்துத்தான் தொடங்கினேன். இன்று காலைக் கணக்குப்படி பதினொன்று.

இன்று, கல்லறைத் திருநாள் முடிந்த சனிக்கிழமை, பிரிட்டோவும் என் மாமியார் இஞ்ஞாசியம்மாளும் லோடு ஆட்டோவில் வந்தார்கள். பிள்ளை இல்லாமல் பெண் செத்துப்போனால் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். கதவை அகலத் திறந்துவிட்டேன். கட்டில் போனது. ரீனா பேர் வெட்டிய பாத்திரங்கள் போயின. சுவர்க்கடிகாரம் போனது. மாமியார் ஒரு கரண்டியைத் தேடினார். இதுவாவது கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது.

"பீரோவ படுக்கப் போட்டுக் கட்டுங்கண்ணே, நிமித்துனா கரண்டு வயர்ல மாட்டிக்கிரும்" என்றார் டிரைவர் பாரூக்.

பிரிட்டோ மேசையிலிருந்த நோட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"அது சீர் லிஸ்ட்ல இல்ல மச்சான்."

"எங்க வீட்டு நோட்டு மாப்ள. லிஸ்ட்ல எதுக்கு இருக்கணும்?"

"பாதி என் படம்."

"கிழிச்சுத் தாரேன், வச்சுக்கங்க."

கிழிக்கத்தான் திறந்தார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். வேகமாகப் புரட்டினார்.

"என்னய்யா இது?"

மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை மூடினேன்.

"கொக்கு ரெண்டு. 1952லருந்து பறக்குது. நாங்க சண்டையிலகூட அதைத் தொடல. காரணம், எரிபொருள் தீர்ந்தது. எரிபொருள் தீர்ந்துச்சா?" அடுத்த பக்கம். "தட்டான் நாலு. காரணம், காய்ச்சல். ஏலே, ஹெலிகாப்டருக்கு ஏதுலே காய்ச்சல்?"

ஏழு வருஷத்தில் என்னை 'ஏலே' என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"காரணம் எழுதணும்னு விதி போட்டது நீங்கதான?"

"கேலி பண்றியா? வல்லூறு பதினேழு. காரணம், பிளேட்லெட். அவ பேரு வச்சு வளத்ததுடா ஒவ்வொண்ணும்."

"அவ வளத்தா. நீங்க இல்ல."

"நாலு நாளு. எனக்கு ஒரு போன் போட ஒனக்குக் கை வரல. எங்கம்மாவுக்கே நாலாம் நாளுதான் சொன்ன. நான் வந்து பார்த்தப்ப அவளுக்குப் பேச்சு இல்ல. இப்ப இதையும் தெனம் ஒண்ணா கொன்னுக்கிட்டிருக்க."

"நோட்டை வைங்க."

"வைக்க மாட்டேன். பதினொண்ணாச்சும் மிஞ்சட்டும்."

நான் நோட்டைப் பிடித்தேன். அவர் விடவில்லை. அட்டை கிழிந்தது. மாமியார் கரண்டியோடு நடுவில் வந்து நின்றார். இரண்டு பேரையும் அடித்துவிடுவார் போல இருந்தது.

"சீ, விடுங்கடா. பேப்பருக்கா அடிச்சுக்கிறீங்க? எம்பிள்ள மண்ணுக்குள்ள கெடக்கா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நானும் நாலு மாசமாக் கேக்கணும்னு கெடக்கேன். கடைசியா எம்மக என்ன சொன்னா? ஒனக்குத்தான் தெரியும். சொல்லு."

பிரிட்டோ நோட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அந்த முகத்தில் தெரிந்தது. கட்டிலும் பாத்திரமும் சாக்கு.

"நோட்டைப் பத்திச் சொன்னா" என்றேன். "அண்ணன்கிட்ட குடுத்துராதீங்கன்னு சொன்னா."

பிரிட்டோவின் கை தளர்ந்தது. நோட்டை மேசையில் வைத்தார். கிழிந்த அட்டையை விரலால் நீவிச் சரியாகப் பொருத்தினார். "அப்பிடியா சொன்னா" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் பிரிட்டோ நின்றார். "மிச்சத்தையும் வீழ்த்திருங்க மாப்ள. இனி அதுல எனக்கு ஒண்ணும் இல்ல." மரியாதை திரும்பி வந்திருந்தது. 'ஏலே' தேவலை என்று இருந்தது.

லோடு ஆட்டோ போனது. வீட்டில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நோட்டு. நான் கேட்டது என்னிடம் இருந்தது. பேனாவை எடுத்தேன். பதினொன்றில் ஒன்றையாவது விட்டு வைக்கலாமா, நோட்டை அவருக்கே அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்.

ரீனா நோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னாள். வராந்தாவுக்குப் போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். போட்டுவிட்டேன், கிளம்பி வருகிறார் என்றேன். போடவில்லை. அந்த ஆள் அவள் கட்டில் பக்கத்தில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது, விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்பதைப் பிறகு டாக்டர் சொன்னார்.

காலையில் ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே என்னை நிறுத்தினார்கள். அவள் கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்.

"அண்ணன் பஸ் ஏறிருச்சா?"