சப்தமியன்று நின்ற உருளைகள்

கதை எழுத இப்போதுதான் முதன்முறையாகத் துணிந்திருக்கிறேன். தரைக்கல் சுடும் மோர்பித் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் அலுவலகக் கடிதங்களை மட்டுமே எழுதிப் பழகிய கை இது. கடிதத்தின் வாடை இதிலும் அடித்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இதைச் சொல்லத் தகுதியுடையவன்தானா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் சொல்லாமலிருக்கவும் மனம் ஒப்பவில்லை.

சூளைப் பொறுப்பாளர் லவ்ஜிபாய் அன்று காலை, முந்தின நாள் சுட்ட தேப்லா ரொட்டியைத் தயிரில் தோய்த்து உண்டுவிட்டு வேலைக்கு வந்தார். அன்று சீதளா சப்தமி. மோர்பியில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாத நாள். முந்தின இரவே அடுப்பைக் கழுவிக் குங்குமமிட்டு, அதன்மேல் பருத்திச் செடியின் கிளையொன்றை வைத்துவிடுவார்கள். சீதளா அன்னை வந்து அடுப்பில் புரண்டு உடல் குளிர்வாள். அடுப்பு சுட்டுவிட்டால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது. லவ்ஜியின் மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதனால் அவருடைய மனைவி அந்த ஆண்டு அடுப்பை இருமுறை கழுவியிருந்தார்.

கூரை ஓடு சுட்ட காலத்தில் சூளைகளையும் அணைத்துத்தான் வைத்தார்கள். லவ்ஜியும் இன்றைய முதலாளி ஹர்ஜீவன்பாயும் அந்நாளில் ஒரே சூளையடியில் மண் மிதித்தவர்கள். பிறகு ஓடு போய்ச் சுவர்க்கல் வந்தது. அதையும் தள்ளிக்கொண்டு தரைக்கல் வந்தது. நிலக்கடலை விளைந்த காடெல்லாம் தகரக் கூரைகளாயின. நிலக்கரிப் புகை போய்க் குழாய் எரிவாயு வந்தது. நூற்று முப்பது மீட்டர் நீளமுள்ள புதிய சூளையை ஒரு நாளுக்காக அணைத்து மீண்டும் சூடேற்றுவதென்றால் ஒரு வாரம் போய்விடும். ஆகவே ஹர்ஜீவன்பாய் ஒரு வழி கண்டார். சூளையின் வாயிலில் சிறியதொரு மண்ணடுப்பைச் செய்து வைத்து, அதைக் குளிரவிட்டு, சூளைக்காக அன்னையிடம் விலக்குக் கேட்டுக்கொண்டார். அன்னையும் மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை.

விலக்குக் கேட்டது சூளைக்கு மட்டுந்தான். ஜெனரேட்டருக்கு எவரும் கேட்கவில்லை.

அதைப் பார்த்துக்கொள்ளும் தூதாபாய்க்கு இந்த எண்ணம் முந்தின நாள் மாலையில்தான் வந்தது. அவர் வீட்டில் பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. நேரே லவ்ஜியிடம் வந்து நின்றார்.

"அதுவும் தீதானே லவ்ஜிபாய்? டீசலக் குடிச்சுட்டு எரியுற வயிறு. ஒரு நாளாச்சும் ஆற வேண்டாமா?"

லவ்ஜி வெப்பம் காட்டும் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஆறட்டும். கடைசியா கரண்ட் போயி மூணு மாசமாச்சு, நாளைக்குப் பாத்தா போகப்போகுது?" என்றார்.

தூதா அதன்பின் என்ன செய்தார் என்று அவர் போய்ப் பார்க்கவுமில்லை.

மறுநாள் முற்பகல் பதினொன்று பத்துக்கு மின்சாரம் போயிற்று.

விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எரிவாயுக் குழாய்கள் தாமே அடைத்துக்கொண்டன. சூளைக்குள் இருந்த ஆயிரத்திருநூறு பாகைச் சூடு மட்டும் எங்கும் போகவில்லை. அந்தச் சூட்டில், கற்களைச் சுமந்து செல்லும் பீங்கான் உருளைகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். நின்றால் சில நிமிடங்களில் வளைந்து முறியும். பதினைந்து நொடியில் ஜெனரேட்டர் எழுந்துவிடும் என்று லவ்ஜி காத்திருந்தார். அது மூன்று முறை கனைத்தது. பிறகு பேச்சில்லை.

தூதாவின் முகம் நினைவுக்கு வந்தது.

உள்ளூர்க்காரர்கள் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் இருந்தவர்கள் பதினொரு பேர், பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்தவர்கள். உருளைகளைச் சுழற்றும் பெட்டிகள் முப்பத்திரண்டு. கையால் சுற்றும் பிடிகளோ ஆறுதான். மேஸ்திரி ராம்தனி ஆறையும் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"பதினாலாம் பெட்டியிலேருந்து பத்தொம்பது வரைக்கும் போடுங்க," என்றார் லவ்ஜி. "முன்ன அரைச் சுத்து, பின்ன அரைச் சுத்து. கல்லு நகரக் கூடாது, உருளை நிக்கக் கூடாது."

"மத்ததெல்லாம்?"

"போனாப் போகட்டும். நடுவுல இருக்கிறத மட்டும் விட்டுராதீங்க."

சொல்லிவிட்டு ஜெனரேட்டர் அறைக்கு ஓடினார். இயந்திரத்தின் நெற்றியில் குங்குமம் இருந்தது. பருத்திக் கிளையும் இருந்தது. டீசல் குழாயின் மேல் ஈரச் சிவப்புத் துணியைச் சுற்றி, அதன்மேல் மஞ்சள் நூலை ஏழெட்டுச் சுற்றாக இறுகக் கட்டியிருந்தார் தூதா. வால்வு அடைத்தபடி அந்தத் துணிக்குள் இருந்தது.

லவ்ஜியின் கை நூல்வரை போய் நின்றுவிட்டது.

தூதாவைக் கைப்பேசியில் அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். அவிழ்க்க வேண்டியவர் கட்டியவரே அல்லவா என்று எண்ணினார். சப்தமியன்று குளிரவைத்த தீயை அன்றைக்கே எழுப்பிய கை யாருடையது என்று அன்னை பார்ப்பாளோ என்றும் எண்ணினார். மருமகள் காலையில் படியிறங்கும்போது இடுப்பில் கை வைத்திருந்தது கண்முன் வந்தது. கொட்டகையிலிருந்து ஓர் ஒலி கேட்டது. கரும்பை முழங்காலில் வைத்து முறிப்பது போன்ற ஒலி. முதல் உருளை போயிற்று என்று அறிந்தும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

ராம்தனி வாசலில் வந்து நின்றார். வலக்கையில் ஈரத் துண்டு.

"என்ன லவ்ஜிபாய், பூசை இன்னும் முடியலையா? அங்க எங்க கை வேகுது. நாலு நிமிஷமா இங்க யாருகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

லவ்ஜி நூலைப் பிடித்து இழுத்தார். அறவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தார். துணியை உருவி வால்வைத் திறந்தார். ஆனால் மூன்று முறை வீணாகக் கனைத்ததில் குழாயெல்லாம் காற்றுப் பிடித்திருந்தது. திருகைத் தளர்த்தி, கட்டைவிரலால் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை அங்கேயே மண்டியிட்டிருந்தார். அதற்குள் கரும்பு முறியும் ஒலியை எண்ணுவதையும் விட்டுவிட்டார். பாட்டரியில் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் உயிர் இருந்தது. அந்த முயற்சியில் இயந்திரம் பிடித்துக்கொண்டது. மணி பதினொன்று முப்பத்தொன்று.

நடுப்பகுதி தப்பியது. இருபுறமும் முறிந்த உருளைகளின் மேல் கற்கள் ஏறிக் குவிந்து அடைத்துக்கொண்டன. இனிச் சூளையை ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹர்ஜீவன்பாய் பண்டிகைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். சற்றுப் பின்னாலேயே தூதாவும் வந்தார். திருவிழாவில் பேத்திக்கு வாங்கிய கிலுகிலுப்பை கையில் இருந்தது. அது ஒலிக்காதவாறு பொத்திப் பிடித்திருந்தார்.

வால்வை அடைத்தது யார் என்று முதலாளி கேட்டார். தூதா வாயெடுக்குமுன் லவ்ஜி பேசினார்.

"கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. ஆறட்டும்னு சொன்னவன் நான். துணியப் பாத்ததும் அவுக்காம நின்னவனும் நான்தான். நாலு நிமிஷம்."

ஹர்ஜீவன்பாய் குனிந்து அறுந்த நூலை எடுத்தார். பல் பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நானா இருந்தாலும் நின்னிருப்பேன், லவ்ஜி," என்றார். "அதனாலதான் சொல்றேன். இனிமே சூளைய உன்கிட்டயும் விடமாட்டேன், என்கிட்டயும் விடமாட்டேன். வெளியூர்லேருந்து ஒருத்தன் வரட்டும்."

லவ்ஜி ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு முதல் சூளை வாயிலில் மண்ணடுப்புகள் இரண்டு வைக்கப்படுகின்றன. இரண்டாவது அடுப்பு ஜெனரேட்டருக்கு உரியது.

அன்று போனவை இவை. பீங்கான் உருளைகள் முந்நூற்றுப் பதினொன்று. சூளைக்குள் இருந்த தரைக்கற்கள் எண்ணூற்று அறுபது, ஒன்றுகூட மீளவில்லை. சுழற்றும் பெட்டிகள் இரண்டு. வேலை நாட்கள் பத்தொன்பது. ராம்தனியின் வலக்கை உள்ளங்கைத் தோல். லவ்ஜிபாயின் சூளைப் பொறுப்பு.